‘இப்போது வேண்டாம்’

2021 பொங்கலுக்கு மன்னார்குடி போயிருந்தேன். போகியன்று காலை, பழைய பாயும் துடைப்பமும் எரிந்த புகை வாசலில் இன்னும் அடங்கவில்லை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, செல்பேசியைக் கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு எதையோ படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நீட்டினார்.

“ஏம்மா, இதுல முடியாதுன்னு சொல்றதுக்கு எங்க அமுக்கணும்?”

வாட்ஸ்அப் அறிவிப்பு. விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் மாற்றுகிறோம், பிப்ரவரி 8 முதல் அமலுக்கு வரும், அதற்குப் பிறகும் செயலி வேண்டுமென்றால் ஏற்றுக்கொண்டாக வேண்டும். கீழே பச்சைக் கட்டத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’. பக்கத்தில், கட்டம்கூட இல்லாமல், ‘இப்போது வேண்டாம்’. ‘முடியாது’ எங்கேயும் இல்லை.

“அப்படி ஒண்ணு கிடையாதுப்பா.”

“அது எப்படி கிடையாது? கையெழுத்து கேக்கறவன், போட மாட்டேன்னு சொல்றதுக்கும் இடம் விடணும்ல?”

அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் மேசை போட்டு, நாற்பது வருஷத்துக்குப் பக்கமாகக் கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் பாகப்பிரிவினையும் எழுதியவர். ஊரில் பாதி வீடுகளின் நான்கு எல்லையும் அவருக்கு மனப்பாடம். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். யார் கையெழுத்து, யார் சாட்சி, யாரைக் கட்டுப்படுத்தும். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை என்று சொல்லலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் திரைகளுக்கு வாசகம் எழுதுகிறேன். பட்டனில் என்ன இருக்க வேண்டும், பிழை வந்தால் என்ன சொல்ல வேண்டும், எப்போது ‘மன்னிக்கவும்’ போட வேண்டும், இதெல்லாம். ஆகவே அப்பா கேட்ட கேள்வி என்னைச் சுருக்கென்று குத்தியது. வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, நானே இப்படி ஒரு திரை எழுதியிருக்கிறேன். முதலில் ‘வேண்டாம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் என் மேலாளர் சிரித்தார். “வேண்டாம்னு எழுதினா வேண்டாம்னுதான் அமுக்குவாங்க. ‘பிறகு’ன்னு போடு. நாளைக்கு மறுபடி கேக்கலாம்.” மாற்றிக் கொடுத்தேன். அந்த மாத ரிப்போர்ட்டில் ஒப்புதல் எண்ணிக்கை ஏறியிருந்தது, எனக்குப் பாராட்டும் கிடைத்தது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, “என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி, கேக்கறேன்” என்று உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லச் சொல்ல, பென்சிலை வைத்துக்கொண்டு பழைய டைரியின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். ஃபேஸ்புக் குழும நிறுவனங்களோடு தகவலைப் பெறுவோம், பகிர்வோம் என்று ஒரு பத்தி வரும். பகிர்ந்ததை வைத்து என்ன செய்வார்களாம்? சேவைகளை இயக்க, வழங்க, மேம்படுத்த, புரிந்துகொள்ள, அவரவர்க்கேற்ப மாற்றியமைக்க, ஆதரவளிக்க, சந்தைப்படுத்த.

அப்பா விரல் விட்டு எண்ணினார். “ஏழு வினைச்சொல். நாங்க கிரயப் பத்திரத்துல தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியதையாய் ஆண்டு அனுபவிச்சுக்கன்னு எழுதுவோமே, அதேதான் இது. இனிமே உன்னுது, என்ன வேணா பண்ணிக்கன்னு அர்த்தம். ஆனா நாங்க எழுதுறப்ப முன்னாடி ஒரு வரி இருக்கும். இன்ன தொகையை ரொக்கமாய்ப் பெற்றுக்கொண்டுன்னு. இதுல அது எங்க?”

வாட்ஸ்அப் இலவசம்தானே என்றேன்.

“எப்பவுமேவா?”

எப்போதும் இல்லை. முதல் வருஷம் இலவசம், அப்புறம் ஆண்டுக்கு ஒரு டாலர் என்று ஒரு காலம் இருந்தது. 2016 ஜனவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். “அப்ப ஒரு டாலர் வாங்கினப்ப என்ன சொல்லி வாங்கினான்? தாய்ப்பத்திரம் இருந்தா எடு” என்றார் அப்பா. நிலம் வாங்கப் போகிறவனிடம் கேட்பது மாதிரியே கேட்டார். தாய்ப்பத்திரம் இல்லாமல் கடைசிக் காகிதத்தை மட்டும் படித்து ஒன்றும் புரியாது என்பது அவர் கட்சி. சரியான கட்சிதான். அன்று ராத்திரி தேட ஆரம்பித்தேன், அதற்குப் பிறகும் நாலைந்து வருஷமாக அந்தக் கோப்பை நான் மூடவில்லை. அதில் இருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2009இல் வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்கள் ஜான் கூம், பிரையன் ஆக்டன். இருவரும் யாகூவில் பல வருஷம் வேலை பார்த்து, விளம்பர வியாபாரத்தை உள்ளிருந்து பார்த்துச் சலித்தவர்கள். ஆக்டன் தன் கைப்பட ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார், கூம் அதைத் தன் மேசையில் ஒட்டி வைத்திருந்தார். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, வித்தை கிடையாது என்று தமிழில் சொல்லலாம். 2012 ஜூனில், ஏன் விளம்பரம் விற்பதில்லை என்று நிறுவனத்தின் தளத்திலேயே எழுதினார்கள். விளம்பரம் இருக்கும் இடத்தில் பயனர்தான் விற்பனைச் சரக்கு என்று அதில் போட்டே உடைத்திருந்தார்கள். அதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை என்பேன்.

கூம் உக்ரைனில் பிறந்தவர். சோவியத் காலத்தில் வளர்ந்து, பதினாறு வயதில் அம்மாவோடு கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவுக்கு வந்தார். அரசு தரும் உணவு அட்டையில் சாப்பிட்ட குடும்பம். 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் இவர்கள் நிறுவனத்தை 1,900 கோடி டாலருக்கு வாங்கியது. அன்றைய மதிப்பில் நம் ஊர்க் கணக்குக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். வேலை பார்த்தவர்கள் 55 பேர், பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கூம் தேர்ந்தெடுத்த இடம், ஒரு காலத்தில் உணவு அட்டைக்காகத் தான் வரிசையில் நின்ற நலத்துறை அலுவலகக் கட்டடத்தின் வாசல். கதவில் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். சினிமாவில் வைத்தால் மிகை என்று சொல்வோம், நடந்தது.

விற்ற அன்றைக்கே பயனர்களுக்கு ஒரு கடிதம். உங்களுக்கு எதுவும் மாறாது, விளம்பரம் வராது, தன்னாட்சியோடுதான் இருப்போம், எங்கள் கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தால் இந்தக் கூட்டே நடந்திருக்காது. அடுத்த மாதமே கூம் இன்னொன்றும் எழுதினார். சோவியத்தில், தொலைபேசியில் எதையும் பேச முடியாமல் அம்மா இருந்ததைச் சொல்லி, தனியுரிமை எங்கள் மரபணுவிலேயே இருக்கிறது என்றார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்னபோது நம்பித்தான் சொல்லியிருப்பார். அதுதான் இந்தக் கோப்பில் என்னை அதிகம் தொந்தரவு செய்யும் இடம்.

அப்பாவுக்கு இந்தக் கடிதத்தைச் சொன்னபோது ஒரே கேள்விதான் கேட்டார். “எழுதினது வித்தவனா, வாங்கினவனா?”

விற்றவர்தான்.

“வித்ததுக்கப்புறம் அவன் பேச்சுக்கு என்ன மதிப்பு? வீட்டை வித்துட்டு, குடியிருக்கறவன்கிட்ட போயி, உனக்கு வாடகை ஏறாதுன்னு சொல்ற மாதிரி.”

வாங்கியவரும் சொன்னார்தான். 2014இல் ஐரோப்பிய ஆணையம் இந்தக் கொள்முதலை ஆராய்ந்தபோது, இரண்டு தளங்களிலும் உள்ள பயனர் கணக்குகளை நம்பகமாகத் தானியங்கி முறையில் பொருத்திப் பார்க்க எங்களால் முடியாது என்றது ஃபேஸ்புக். ஆணையம் அனுமதி கொடுத்தது. 2016 ஆகஸ்டில் அதே பொருத்திப் பார்க்கும் வேலை புதிய விதிமுறைகளில் வந்து நின்றது. 2017 மே மாதம் ஆணையம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. 2014லேயே அது தொழில்நுட்ப ரீதியாகச் சாத்தியமாக இருந்தது, ஃபேஸ்புக் ஊழியர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது என்று தீர்ப்பு சொல்கிறது. அபராதம் தவறான தகவல் தந்ததற்குத்தான். அனுமதி ரத்தாகவில்லை.

2016இல் வந்த திரையை நான் தொழில்முறைக் கண்ணோடு பார்த்தேன். மேலே ஒப்புக்கொள்ளும் பட்டன். விவரத்தைத் திறந்து படித்தவருக்கு மட்டும் கீழே ஒரு சின்னக் கட்டம் தெரியும்: என் கணக்குத் தகவலை ஃபேஸ்புக் விளம்பரங்களை மேம்படுத்தப் பகிரலாம். அதில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது. எடுக்க வேண்டியது நீங்கள். எடுக்க மறந்தால் அமைப்புகளுக்குள் போய் மாற்ற 30 நாள் அவகாசம், அதன் பிறகு அந்த வழியும் அடைபடும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இந்தக் கட்டமே கிடையாது. அதை எழுதியவர் என்னைப் போல் ஒருத்திதான். எந்தக் கூட்டத்தில் எந்த மேலாளர் சிரித்திருப்பார் என்றுகூட என்னால் ஊகிக்க முடிகிறது.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே 2016 ஏப்ரலில், எல்லாச் செய்திகளுக்கும் முனைக்கு முனை குறியாக்கம் கொண்டுவந்தார்கள். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் நிறுவனம்கூடப் படிக்க முடியாது. அந்த வாக்கு இன்றும் நிற்கிறது. 2021 பொங்கலின்போது எங்கள் குடும்பக் குழுவில், நம் செய்தியை எல்லாம் ஃபேஸ்புக்காரன் படிக்கப் போகிறான் என்று சித்தப்பா பதறிப்போய் அனுப்பிய ஃபார்வர்டு சுத்தப் புரளி. கடிதத்துக்குள் இருப்பதைப் பற்றிய பேச்சே இல்லை, உறைமேல் இருப்பதைப் பற்றித்தான் பேச்சு: யார் எண், எந்தக் கருவி, எவ்வளவு நேரம், எந்தக் கடைக்காரரோடு தொடர்பு. உறைகளை மட்டும் ஒரு வருஷம் அடுக்கி வைத்துப் பார்த்தாலே ஒரு வீட்டின் கதை தெரிந்துவிடும் என்பது எந்த ஊர்த் தபால்காரருக்கும் தெரியும்.

இனி இந்தக் கோப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த காகிதம். ஆக்டன் 2018இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி. அதில் தெரிந்தது, நிறுவனர்கள் தங்களுக்கென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து வைத்திருந்தார்கள் என்பது. தங்கள் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப்பில் பணம் பண்ணும் முயற்சிகளை ஃபேஸ்புக் நடைமுறைப்படுத்தத் தொடங்கினால், நாலு வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய பங்குகள் மொத்தமும் உடனே வந்துவிட வேண்டும். விளம்பரத் திட்டம் சூடுபிடித்ததும் 2017இல் ஆக்டன் கிளம்பினார். ஷரத்தைக் காட்டினார். ஃபேஸ்புக் வழக்கறிஞர்கள் சொன்ன பதில்: நாங்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறோம், நடைமுறைப்படுத்தவில்லை. ஆக்டன் வழக்காடவில்லை. ஏறக்குறைய 85 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை விட்டுவிட்டு வெளியே வந்தார். பயனர்களின் தனியுரிமையைத் தான் விற்றுவிட்டதாகவும், தினமும் அதோடுதான் வாழ்வதாகவும் அந்தப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2018 மார்ச்சில், ஃபேஸ்புக்கை அழிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று ட்வீட்டும் போட்டார். போட்டிச் செயலியான சிக்னலின் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தவரும் அவரே. கூம் 2018இல் வெளியேறினார்.

வீடியோ அழைப்பில் இதை அப்பாவுக்குச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவனுக்கு வேணுங்கறத ஷரத்தா எழுதிக்கிட்டான். ஜனங்களுக்கு வேணுங்கறத லெட்டரா எழுதினான்” என்றார்.

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதத் தொடங்கினேன். கடிதத்துக்கும் ஷரத்துக்கும் உள்ள தூரம். அவர்கள் மனசு நல்லதா கெட்டதா என்ற பஞ்சாயத்தில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. விளம்பரம் வந்தால் பயனருக்கு இன்னது தரப்படும் என்று ஒரு வரி, வாங்கியவரையும் அவருக்குப் பின் வருகிறவரையும் கட்டுப்படுத்தும் ஒரு வரி, எங்கேயும் எழுதப்படவில்லை. எங்கள் ஊர்க் கிரயப் பத்திரத்தில், பின்னிட்டு ஏதேனும் வில்லங்கம் தோன்றினால் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கக் கடவேன் என்று ஒரு வரி இருக்கும். இரண்டு சென்ட் மனைக்கே அந்த வரி உண்டு.

2021க்குத் திரும்பி வருகிறேன். அந்தப் பொங்கல் வாரத்தில் இந்திய ஆங்கில நாளிதழ்களில் வாட்ஸ்அப் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது, தனியுரிமையை மதிப்பது எங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்ற தோரணையில். விளம்பரமே கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டிய கம்பெனி! மாட்டுப் பொங்கலன்று தேதியை மே 15க்குத் தள்ளிப்போட்டார்கள். பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி போப்டே, நீங்கள் எத்தனை டிரில்லியன் கம்பெனியாக இருந்தாலும் மக்களுக்குப் பணத்தைவிடத் தங்கள் தனியுரிமை பெரிது என்ற பொருளில் கடுமையாகப் பேசினார். 2016 மாற்றத்தை எதிர்த்து இரண்டு மாணவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சி அது. மே மாதக் கடைசியில் வாட்ஸ்அப் இறங்கி வந்தது: ஏற்காதவர்களுக்குச் செயலியின் வசதிகளைக் குறைக்கப் போவதில்லை.

அதாவது பிப்ரவரி 8 என்று மிரட்டியதும் ஒரு வாக்குதான், அதையும் காப்பாற்றவில்லை. பயந்து முதல் நாளே பச்சைக் கட்டத்தை அழுத்தியவர்களுக்கு யாரும் போன் போட்டு, உங்கள் ஒப்புதலைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லவில்லை. மே வரைக்கும் ‘இப்போது வேண்டாம்’ அழுத்திக்கொண்டே இருந்த அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த விஷயத்தில் ஐரோப்பியர்களுக்கு வேறு நீதி. விளம்பரத்துக்காகத் தகவல் பகிர்வது அங்கே இல்லை என்று நிறுவனமே அறிவித்தது. அவர்களுக்கு ஜிடிபிஆர் என்ற சட்டம் 2018லேயே அமலாகிவிட்டது. 2021 செப்டம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் வாட்ஸ்அப்புக்கு 22.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. திருடியதற்காக இல்லை, கசியவிட்டதற்காகவும் இல்லை. தகவலை என்ன செய்கிறோம் என்பதை மனிதர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லாததற்கு. நான் பார்க்கிற வேலையைச் சரியாகச் செய்யாததற்கு விதிக்கப்பட்ட அபராதம் என்று அந்தத் தீர்ப்பை எங்கள் குழுவில் சுற்றுக்கு விட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள்.

நம் நாட்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்று சொன்னது 2017 ஆகஸ்டில். அதற்கான தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது 2023 ஆகஸ்டில். விதிகள் வெளியானது 2025 நவம்பரில். இந்த இடைவெளியில், வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது போட்டி ஆணையம். ஏற்றுக்கொள், இல்லையென்றால் போ என்கிற மாதிரி நிபந்தனை வைப்பது சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று 2024 நவம்பரில் மெட்டாவுக்கு, அதாவது பெயர் மாறிய ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு, 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவலைப் பகிர ஐந்து வருஷம் தடையும் போட்டது. மேல்முறையீட்டில், 2025 நவம்பரில், தடை போனது, அபராதம் நின்றது. லட்சம் கோடி கொடுத்து வாங்கிய சரக்குக்கு 213 கோடி அபராதம் என்பதை, பத்திரப் பதிவுக்கு ஆகும் முத்திரைத் தீர்வையோடு ஒப்பிட்டார் அப்பா. தீர்வையைவிட ரொம்பக் குறைச்சல்.

நடுவில், 2025 ஜூன் 16 அன்று, அதுவும் வந்துவிட்டது. ஸ்டேட்டஸ் பார்க்கும் பகுதியில் விளம்பரம் காட்டப்போவதாக மெட்டா அறிவித்தது. அரட்டைக்குள் வராது, நகரம், மொழி, பின்தொடரும் சேனல்கள் போன்றவைதான் கணக்கில் வரும் என்றார்கள். அறிவிப்பில் இது தெளிவாக, எளிய வாசகத்தில், யாருக்கும் புரிகிற மாதிரி இருந்தது. வெளிப்படைத்தன்மையில் குறையே இல்லை. வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் வாக்கு மீறினதாகாது என்று ஒரு நினைப்பு எங்கள் தொழிலில் எப்போதோ குடியேறிவிட்டது. அறிவிப்பு எழுதுகிற கூலிக்காரி நான், எனக்குத் தெரியும்.

அப்பாவின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். 2022இல் அவர் செல்பேசி கிணற்றடியில் விழுந்து உடைந்தது. புதிது வாங்கிக்கொண்டு போனேன். அதில் வாட்ஸ்அப்பை ஏற்றினால், எண்ணைக் கேட்பதற்கு முன்பே, முதல் திரையிலேயே, விதிமுறைகளை ஏற்றுத் தொடரவும் என்று ஒரே ஒரு பட்டன். அங்கே ‘இப்போது வேண்டாம்’ கிடையாது. பேரன் பள்ளி ஆண்டு விழாவில் பாரதியார் வேஷம் போட்ட படம் குடும்பக் குழுவில் வந்து கிடப்பதாக அம்மா சமையலறையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார்.

நான்தான் அழுத்தினேன். படிக்கவில்லை.